இதற்கு மேல் பதிவு இல்லை

சுவிட்சை அணைத்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்து வைத்துக் கதை சொல்லும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. அதோடு, ஒளித்து வைத்தவர்கள் அன்றைக்குப் பட்ட பாட்டை அதே அறையில் நின்று பார்த்தவன் நான்.

என் பெயர் குற்றாலிங்கம். தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களைத் தாண்டி இருக்கும் கரை நிலையத்துக்குப் பொறுப்பாளன். அங்கிருந்து பதினெட்டு மைல் தள்ளிக் கடலுக்கடியில் உலோக உருண்டைகள் கிடக்கின்றன. ஆயிரத்து நூறு மீட்டர் ஆழம். அவற்றைப் பொறுக்க ஒரே ஒரு ஆள் உட்காரக்கூடிய கலம் ஒன்று இறங்கும். கம்பெனி அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருக்கிறது. நாங்கள் குடம் என்போம்.

குடம் இளைப்பாற அடியில் ஒரு இரும்புக் கொட்டகை உண்டு. உள்ளே போய் நின்றதும் ஒரு பெரிய இரும்புக் கை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். காற்றும் கரண்டும் கரையிலிருந்து கேபிள் வழியாகப் போகும். அந்தக் கையை விடுவிக்க எங்கள் கணினியால்தான் முடியும். உள்ளே இருப்பவனிடம் அந்தப் பொத்தானைக் கொடுத்தால் பயத்தில் கண்டபடி அமுக்கிவிடுவான் என்று சென்னையில் யாரோ பெரிய படிப்புப் படித்தவர்கள் முடிவு செய்திருந்தார்கள்.

அன்று ஆயுத பூசை. எங்கள் நிலையத்தில் ஒரு வழக்கம். பூசை நேரத்தில் எந்த எந்திரமும் ஓடக்கூடாது. நாள் முழுக்க நிறுத்தக் கம்பெனி விடாது என்பதால் இரண்டே நிமிடம். மெயின் சுவிட்சை அணைத்து, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, மறுபடி போட்டுவிடுவோம். அந்த இரண்டு நிமிடமும் கணினியை யுபிஎஸ் தாங்கும். எட்டு வருடமாக இப்படித்தான். இந்த வருடம் யுபிஎஸ் புதுசு. புது எந்திரத்துக்கு முதல் பூசை. அது உறுமிக்கொண்டிருக்கும்போது பொட்டு வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அதையும் அணைத்தேன்.

கணினித் திரை கறுப்பாக இருந்தது. தூங்குகிறது என்று நினைத்தேன். கீழ் மூலையில் ஒரு சின்னப் புள்ளி ஓடிக்கொண்டிருந்ததாம். நான் சரியாக அதன் மேலேயே சந்தனத்தை அப்பியிருந்தேன்.

அப்போது மணி ஒன்று பன்னிரண்டு.

கித்தேரி கை கழுவிவிட்டு வந்தாள். கணினியை இயக்குபவள் அவள்தான். நாற்பது வயது. ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள். ஆனாலும் வருடா வருடம் பொரிகடலைப் பொட்டலம் கட்டுவது அவள்தான். கறுப்புத் திரையையும் என் கையிலிருந்த தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, மெயினை அமத்துனியளா?"

"ரெண்டு நிமிசம்தாம்மா. போட்டுட்டேன்."

"யுபிஎஸ்?"

என் கண் யுபிஎஸ் மேலிருந்த குங்குமப் பொட்டுக்குப் போனது. அவள் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே பொத்தானை அமுக்கினாள். "இன்னாசி கொட்டகையில நின்னு சாப்பிடுதானேன்னு இப்பத்தான் அப்டேட் போட்டேன். பன்னிரண்டு நிமிச வேல. பாதிதான் ஆயிருக்கும்."

திரை வெளுத்தது. நிறுவனத்தின் சின்னம் வந்தது. பிறகு ஒரு வரி: 'பழக்கச் சாவி சிதைந்துள்ளது. நுழைய இயலாது.'

மேஜையில் இருந்த போனில், குடத்துக்குள்ளிருந்து இன்னாசியின் குரல் வந்தது. அந்தப் போனுக்கும் கணினிக்கும் சம்பந்தமில்லை. அது தனிக் கம்பி, தனி பேட்டரி.

"அக்கா, காத்து வர்ற சத்தம் நின்னுட்டு. விளக்கும் போச்சு. பூசையா?" சிரித்தான். "எனக்குப் பொரிகடல எடுத்து வைங்க."

"வச்சிருக்கேன். டேங்க்ல காத்து எவ்வளவு இருக்கு, பாத்துச் சொல்லு."

"ஃபுல்லா இருக்கு. ரெண்டு மணி பத்து நிமிசம்."

கித்தேரி ஒரு பென்சிலை எடுத்துப் பூசைப் பழத்தட்டின் அடியில் விரித்திருந்த காகிதத்தில் கணக்குப் போட்டாள். மூன்று இருபத்திரண்டுக்குக் காற்று தீரும். குடம் மேலே வர ஐம்பத்தைந்து நிமிடம். இரண்டு இருபத்தேழுக்குள் இரும்புக் கை விட்டாக வேண்டும். கரண்ட் திரும்பிவிட்டதுதான், ஆனால் காற்றுப் பம்பையும் கீழே விளக்கையும் போடக்கூடக் கணினிக்குள் நுழைய வேண்டும். மீட்புக் கப்பலைக் கூப்பிட்டேன். ஏழு மணி நேரமாகும் என்றார்கள்.

தலைமை அலுவலகத்தில் பிரகதீஷ் என்ற பொறியாளர் கிடைத்தார். என் கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தேன்.

"சார், பதட்டப்படாதீங்க. ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?"

"ஆஃப் பண்ணுனதாலதான் சார் இந்த வெனையே" என்றேன்.

அவர் சொன்னதையெல்லாம் செய்தோம். பின்னால் இருந்த கம்பிகளைப் பிடுங்கிச் செருகினோம். மூன்று பொத்தான்களை ஒன்றாகப் பிடித்துக்கொண்டு கணினியை எழுப்பினோம். நீல எழுத்தில் ஒரு பட்டியல் வந்தது, அதில் இரண்டாவதைத் தேர்ந்தோம்; கால் மணி நேரம் ஓடி, பழைய இடத்துக்கே வந்து நின்றது. அந்தக் கால் மணி நேரத்தில் என் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. பாவி மனிதன் ஒருவன் ஆயிரத்து நூறு மீட்டருக்குக் கீழே இருட்டில் உட்கார்ந்திருக்கிறான், நான் இங்கே குங்குமக் கையோடு நிற்கிறேன்.

"பாஸ்வேர்டு ஏதாவது போட்டு உள்ள போக முடியாதா சார்?"

"பாஸ்வேர்டெல்லாம் எடுத்து வருஷக்கணக்காச்சு சார். முகம், குரல், கைரேகை எல்லாத்தையும் மெஷினே போலி பண்ண ஆரம்பிச்சிடுச்சு. ஒரு ஆள் நிஜமாவே அந்த ஆள்தான்னு காட்ட ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம். நெருக்கடியில அவங்க எப்படி முடிவெடுக்கறாங்கன்றது. எவ்ளோ சீக்கிரம், எந்த வரிசையில, அப்ப நாடி எப்படி ஓடுது. அதான் பழக்கச் சாவி. தினமும் வேலை பாக்கப் பாக்க அது தானா பதிவாகும். மேடமோட சாவியை எழுதிட்டிருக்கும்போது கரண்ட் போயிருக்கு. இன்னொரு ஆபரேட்டரோட சாவியும் அதே கோப்புதான். ரெண்டும் போச்சு."

"நகல் இருக்குமே" என்றாள் கித்தேரி.

கொஞ்ச நேரம் தட்டச்சுச் சத்தம் கேட்டது. "ஒரே ஒரு நகல் இருக்கு மேடம். மூணு வருஷம் பழசு. விசாரணைக்காகன்னு எடுத்துப் பூட்டி வெச்சிருக்காங்க. மார்ச் பதினெட்டு."

கித்தேரியின் கை பென்சிலை மேஜையில் வைத்தது. எனக்கும் அந்தத் தேதி தெரியும். கஸ்பார் இறந்து ஏழாம் நாள்.

கஸ்பார் இன்னாசியின் அண்ணன். அப்போது கொட்டகை கிடையாது. குடம் கடல் மேல் நிற்கும் மிதவையிலிருந்து கேபிளில் தொங்கும். அன்றைக்கு அடியில் மண் சரிந்து குடத்தை இழுத்தது. கேபிள் விறைத்து மிதவை சாய்ந்தது. மிதவையில் ஒன்பது பேர். அப்படி ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று விதி இருந்தது. குடத்தில் இருப்பவனைக் கூப்பிட வேண்டும். பத்து நொடி காத்திருக்க வேண்டும். பதில் இல்லையென்றால் கரையிலிருந்தே கேபிளை அறுத்துவிடலாம். கூப்பிட்டேன், பத்து நொடி காத்தேன், பதில் இல்லை, அறுத்தேன் என்று கித்தேரி விசாரணையில் சொன்னாள். பதிவேட்டில் நிமிடம் மட்டும் இருந்தது, நொடி இல்லை. பக்கத்து அறையில் டீ குடித்துக்கொண்டிருந்த நானும் பத்து நொடி என்று கையெழுத்துப் போட்டேன். ஒன்பது பேர் பிழைத்தார்கள். கஸ்பாரின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

"அந்த நகல்ல என்ன இருக்குன்னு படிக்க முடியுமா?" என்று கித்தேரி கேட்டாள்.

"யாராலயும் முடியாது மேடம். அது பொருத்திப் பாக்க மட்டும்தான். அதை உள்ள ஏத்தறேன். உங்க பழைய வேலையிலேருந்து ஒரு காட்சியைக் காட்டும். அன்னைக்கு செஞ்சதையே செய்யணும். மூணு வாட்டிதான். ஒவ்வொண்ணுக்கும் நடுவுல பத்து நிமிஷம் விடணும். மூணும் தப்பினா நாளைக்குத்தான் திறக்கும்."

மணி ஒன்று ஐம்பது. கித்தேரி இடது உள்ளங்கையை நாடி பார்க்கும் பலகையில் வைத்தாள். திரையில் பம்பு ஒன்றின் முள் கீழே இறங்கியது. அவள் உதடு அசைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. எனக்குப் பழகிய அசைவுதான். கஸ்பார் போனதிலிருந்து எதையும் பத்து வரை எண்ணாமல் அவள் தொடுவதில்லை. டீயைக் கையில் கொடுத்தால்கூட எண்ணிவிட்டுத்தான் குடிப்பாள். நாங்கள் கேலி செய்வோம். இப்போதும் பத்து எண்ணி முடித்துத்தான் பொத்தானை அமுக்கினாள்.

'பொருந்தவில்லை. இன்னும் இரண்டு முயற்சிகள்.'

"ரொம்ப நிதானம் மேடம்" என்றார் பிரகதீஷ். "பொருத்திப் பாத்ததுல வேகம் மட்டும் தெரியுது. நகல்ல இருக்கறவங்க அரை செகண்ட் கூட எடுக்கல."

"அவ வேற ஆளு."

"இப்ப எனக்கு அவங்கதான் வேணும் மேடம்."

அந்தப் பழைய கித்தேரியை எனக்கு நினைவிருந்தது. பயிற்சியில் எல்லாரையும் விட வேகம். பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே கை தானாக வேலை செய்யும். கப்பல்காரர்கள் அவளை மின்னல் என்பார்கள். அவளுக்கும் அதில் பெருமை உண்டு.

பத்து நிமிடம் போக வேண்டும். இன்னாசி பேசிக்கொண்டே இருந்தான். குளிர்கிறது என்றான். கண்ணாடிக்கு வெளியே ஏதோ மினுங்கிப் போகிறது என்றான். பிறகு, "ஒண்ணும் பெருசா இல்லயேக்கா?" என்று கேட்டான். அவள் இல்லை என்றாள். அவன் நம்பினானா தெரியவில்லை.

"ஒருவாட்டி தப்பிட்டதால இனிமே அழுத்தமான காட்சியைத்தான் காட்டும் மேடம்" என்றார் பிரகதீஷ். "எதுல உங்க அடையாளம் ரொம்பத் துல்லியமா பதிஞ்சிருக்கோ, அது."

அது எதுவாக இருக்கும் என்று எனக்கு ஒரு நொடியில் உறைத்தது. அவளுக்கும் உறைத்திருக்கும். பலகையில் கையை வைத்தாள்.

மணி இரண்டு நான்கு. திரையில் மிதவை சாய்ந்தது. கீழே இரண்டு பொத்தான்கள்: 'கூப்பிடு', 'அறு'. கித்தேரி 'கூப்பிடு' என்பதை அமுக்கினாள். விசாரணையில் சொன்னபடியே செய்கிறாள் என்று நினைத்தேன்.

கணினியிலிருந்து ஒரு குரல் வந்தது. "கித்தே..."

அவ்வளவுதான். அபாய மணிச் சத்தம் இல்லை, கடல் இரைச்சல் இல்லை. ஒரு ஆண் குரல் பேர் சொல்ல ஆரம்பித்தது, அப்படியே நின்றது. படம் உறைந்தது. கித்தேரியின் உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது. மூன்று. நான்கு. திரையின் நடுவில் ஒரு வரி தோன்றியது.

'இதற்கு மேல் பதிவு இல்லை.'

அவள் பத்து எண்ணி முடித்து 'அறு' என்பதை அமுக்கினாள். 'பொருந்தவில்லை. இன்னும் ஒரு முயற்சி.'

நான் கணினி வேலை தெரியாதவன். ஆனால் அந்த வரியை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அறுத்தவுடன் கேபிள் போய்விடும். அதன் பிறகு பதிய ஒன்றும் இருக்காது. பத்து நொடி காத்திருந்தால் பத்து நொடிப் பதிவு இருந்திருக்கும். இங்கே இருந்தது அரைப் பேர்.

"மேடம்" என்று பிரகதீஷ் மெல்லக் கேட்டார். "அன்னைக்கு நீங்க பண்ணின மாதிரியேதான் பண்ணீங்களா?"

அவள் பதில் சொல்வதற்குள் போன் பேசியது.

"அக்கா. இப்பக் கேட்டது அண்ணன் குரல்தான?"

நான் போனை அணைக்கக் கையை நீட்டினேன். கித்தேரியும் அதையே நினைத்திருப்பாள். "இன்னாசி, போனைக் கொஞ்ச நேரம் வைக்கட்டா?"

"வைக்காதீங்க. இங்க வெளிச்சம்கூட இல்ல." கொஞ்சம் நிறுத்தி, "கூப்பிட்டதுக்கு அவன் பதிலே குடுக்கலன்னுதான எங்க அம்மாட்ட சொன்னிய?" என்றான்.

கித்தேரி நெற்றியைத் துடைத்தாள். பூசைச் சந்தனம் கையில் ஒட்டியிருந்து நெற்றியில் கோடு இழுத்தது.

"நான் கூப்பிடவே இல்ல, இன்னாசி."

கித்தேரி போனை இன்னும் அருகே இழுத்துக்கொண்டாள்.

"மிதவ சாஞ்சுது. எனக்குக் கை முந்திட்டு. வாயத் தொறக்கதுக்கு முன்னாடி அறுத்துட்டேன். மணிச் சத்தத்துல அவன் என்னயக் கூப்பிட்டது எனக்குக் கேக்கல. இப்பத்தான் கேக்குதேன், உன்கூட சேந்து."

"அப்ப பத்து எண்ணுனது?"

"அன்னைக்கு எண்ணல. அதுக்கப்புறம் எண்ணுதேன்."

போனில் அவன் மூச்சு மட்டும் கேட்டது. அந்த மூச்சுக்கு நான் கணக்குப் பார்த்தேன்; ஒவ்வொன்றும் டேங்கிலிருந்து குறைகிறது. கோபத்தில் அவன் ஏதாவது செய்துகொள்வானோ என்று பயந்தேன். கீழே அவன் செய்துகொள்ள ஒன்றுமே இல்லை என்பதும் அப்போதுதான் தோன்றியது. சென்னைக்காரர்கள் பொத்தானைக் கூட அவனுக்குத் தரவில்லை.

"மணி என்னக்கா?"

"ரெண்டு பதினேழு."

"எத்தனைக்குள்ள விடணும்?"

"ரெண்டு இருபத்தேழு."

"அப்ப அன்னைக்குப் பண்ணுனதையே பண்ணுங்க" என்றான். "நான் மேல வரணும். மத்தத மேல வந்து பேசிக்கிடுவோம்."

கித்தேரி பலகையில் கையை வைத்தாள். எடுத்துவிட்டாள். மறுபடி வைத்தாள். பலகையோரத்தில் நாடி எண் நூற்று முப்பதில் துள்ளியது.

"இப்படி இருந்தா பொருந்தாது மேடம்" என்றார் பிரகதீஷ். அவர் குரலும் மாறியிருந்தது. "அன்னைக்கு உங்க மனசுல என்ன இருந்துச்சு?"

"ஒம்பது பேரு இருந்தாவ. வேற ஒண்ணுமில்ல. கஸ்பார்கூட இல்ல." அவள் சொல்லி நிறுத்தினாள். அதைச் சொன்னது அவளுக்கே வலித்திருக்க வேண்டும். "இன்னாசி, எதாவது பேசிக்கிட்டே இரு. என்னய எண்ண விடாத."

இன்னாசி பேசினான். கோபமாகப் பேசவில்லை, அதுதான் ஆச்சரியம். மேலே வந்ததும் என்ன சாப்பிடப் போகிறான் என்று அடுக்கினான். பொரிகடலை, அதில் தேங்காய்ச்சில்லு நிறைய, பிறகு அண்ணாச்சி வீட்டுச் சுண்டல், போன வருடம் உப்பு அதிகம், இந்த வருடமாவது என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே திரையில் மிதவை சாய்ந்தது. "கித்..." என்றது குரல்.

'அறு' பொத்தான் தாழ்ந்த சத்தம் கேட்டது.

நான் திரையைப் பார்க்கவில்லை, கித்தேரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அரை நொடி அது பழைய கித்தேரியின் முகம். தெளிவாக, வேகமாக, யாரையும் நினைக்காமல். எட்டு வருடமாகத் தெரிந்த பெண்ணைப் பார்த்து நான் பயந்தது அப்போதுதான். பிறகு அந்த முகம் உடைந்து போனது.

'வணக்கம், கித்தேரி' என்றது திரை.

இரண்டு இருபத்தொன்றுக்கு இரும்புக் கை விட்டது. பம்பு ஓடியது. குடம் மேலே ஏறத் தொடங்கியது. பிரகதீஷ் பெருமூச்சு விட்டார். "ஒண்ணு சொல்லிடறேன் மேடம். அப்டேட் பாதியில நிக்குது. அவர் மேல வந்தப்புறம் 'தொடர்' போடுங்க. புதுச் சாவி எழுதிக்கும், பழைய நகல் அழிஞ்சிடும். போடலைன்னா இனி ஒவ்வொரு தடவை நுழையறப்பவும் பொருந்தின காட்சிதான் வரும். அதே பொத்தானை அமுக்கினாத்தான் திறக்கும்." தான் கேட்டது எதுவும் தன் வேலையில் சேர்ந்ததல்ல என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் சீக்கிரம் போனை வைத்துவிடுகிறார்கள்.

மூன்று பதினாறுக்குக் குடம் நீர்மட்டத்துக்கு வந்தது. படகு இன்னாசியை ஏற்றிக்கொண்டது என்று சேதி வந்ததும் திரையில் அந்தக் கேள்வி நின்றது: 'தொடரவா? தொடர்ந்தால் பழைய நகலும் இன்றைய மின்தடைப் பதிவும் அழியும்.'

நான் இரண்டு முறை படித்தேன். ஒன்று பன்னிரண்டுக்கு யார் என்ன செய்தார் என்பதும் அதோடு போய்விடும். ஓய்வுக்கு எனக்கு இன்னும் பதினான்கு மாதம்.

"தொடர் போட்டுரும்மா" என்றேன். "ஒம்பது பேரக் காப்பாத்துன. இன்னைக்கு ஒருத்தன். அவன் ஆழத்துல என்னத்தையோ கேட்டான்னு வச்சுக்கிட வேண்டியதுதான்."

"உங்களுக்காகச் சொல்லுதியளா, எனக்காகவா?"

"ரெண்டு பேருக்குந்தான்" என்றேன். பொய் சொல்ல அன்றைக்குத் தெம்பில்லை.

"அவன் வரட்டும். அவனக் கேட்டுட்டுச் செய்யுதேன்."

நாலரை மணிக்கு இன்னாசி வந்தான். தலை ஈரம், உதடு நீலம். தோளில் யாரோ போர்த்திய துண்டு. நான் அவன் கையைப் பிடித்தேன். சுவிட்சை அணைத்தது நான்தான் என்று அவனிடம் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான், அவ்வளவுதான். கித்தேரி நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள். அவன் அடிப்பான் என்று எதிர்பார்த்தவளைப் போல் நின்றாள்.

"அதை இன்னொருவாட்டி போடுங்க" என்றான்.

"எதை?"

"அண்ணன் குரல. எங்ககிட்ட அவன் குரல் ஒண்ணுகூட இல்லக்கா. பழைய போனும் அவன்கூடத்தான் போச்சு."

"அதத் தனியா எடுக்க முடியாதுடா. நான் வெளிய வந்து திரும்ப நுழையணும்."

"நுழைங்க."

அவள் என்னைப் பார்த்தாள். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். வெளியேறினாள், கையைப் பலகையில் வைத்தாள். மிதவை சாய்ந்தது. "கித்..." பொத்தான். 'வணக்கம், கித்தேரி.' இன்னாசி கண்ணை மூடிக் கேட்டான். பிறகு மறுபடி கேட்டான். நான்காவது முறைக்குப் பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"அப்டேட்டப் போடாதீங்க. காலையில அம்மாவக் கூட்டியாறேன். அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். நாலஞ்சு வாட்டி போடணும்."

"சரி" என்றாள் கித்தேரி. 'வேண்டாம்' என்பதை அமுக்கினாள். நான் பதிவேட்டை எடுத்து ஒன்று பன்னிரண்டுக்கு எதிரே என் பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வீரமெல்லாம் இல்லை. அந்த அறையில் அதற்கு மேல் எதையும் மறைக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் விஜயதசமி. இன்னாசியின் அம்மா பிலோமினம்மாள் வெள்ளைச் சேலையில் வந்தார்கள். இன்னாசி இரவே எல்லாம் சொல்லியிருந்தான். அந்த அம்மாள் கித்தேரியைத் திட்டவில்லை. அவள் பக்கம் திரும்பவும் இல்லை. கணினிக்கு அருகே நாற்காலியை இழுத்துப் போட்டு, நல்ல காதைத் திரைப் பக்கம் வைத்து உட்கார்ந்தார்கள்.

"கித்..." பொத்தான். வணக்கம்.

"கேக்கல. திரும்பப் போடு."

இரண்டு. மூன்று. ஒவ்வொரு முறையும் கித்தேரியின் கை விரைந்து பொத்தானில் இறங்கியது. நான்காவது முறை அந்த அம்மாளுக்குப் பிடிபட்டது. முகம் மலர்ந்தது. மூன்று வருடம் கழித்து மகனைப் பார்த்த முகம். முதல் தடவையாகக் கித்தேரியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என் பிள்ளதான். ஒன்னயத்தான கூப்பிடுதான்?"

"ஆமா பெரியம்மா."

"கூப்பிடுதானே. என்னன்னு கேளேன்."

கித்தேரி பலகையில் கையை வைத்தாள். மிதவை சாய்ந்தது. "கித்தே..." என்றது குரல். அவள் எதையும் அமுக்கவில்லை.

"சொல்லு கஸ்பார்" என்றாள். "என்னன்னு சொல்லு, கேக்குதேன்."

திரையில் அந்த வரி வந்தது. பிலோமினம்மாளுக்கு எழுத்து தெரியாது. அதனால் அந்த அம்மாள் காதைத் திரைக்கு இன்னும் நெருக்கமாக வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பத்து எண்ணும் வரை கித்தேரியின் உதடு அசைந்தது. அதற்குப் பிறகும் அசைந்தது.